"ரெஸ்ட் எடுத்தா போதும்"னு நினைக்கிறீங்களா? ரத்தப் புற்றுநோயாளிகள் கீழே விழாமல் தடுக்கும் பயிற்சிகள் - முழு விளக்கம்

ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா ரெஸ்ட் எடுங்க". சாப்பாடு, தண்ணீர், செல்போன் சார்ஜர் என எல்லாமே படுக்கைக்கே வந்துவிடும். அக்கறையில் செய்வதுதான், தப்பில்லை. ஆனால், வாரக்கணக்கில் படுத்தே இருந்தவர் ஒருநாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, கால் தடுமாறி விழுந்தால் என்ன ஆகும்?

மற்றவர்களுக்கு ஒரு வீக்கத்தோடு போய்விடும் அடி, இவர்களுக்கு மூளை ரத்தக்கசிவாகவோ எலும்பு முறிவாகவோ மாறலாம். அதனால் சிகிச்சையே தள்ளிப்போகலாம். இதைத் தடுக்க முடியுமா? பெருமளவு முடியும் என்கிறது மருத்துவம். அதற்கு வழி, அளவோடு செய்யும் உடற்பயிற்சி. எந்தப் பயிற்சி, யாருக்கு, எந்த நாளில் செய்யக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

கீழே விழுந்தால் இவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

ரத்தப் புற்றுநோயில் மூன்று பெரிய வகைகள் உள்ளன. லுகேமியா எனப்படும் வெள்ளை அணுப் புற்றுநோய், நிணநீர் மண்டலத்தில் வரும் லிம்போமா, எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களில் வரும் மல்டிபிள் மைலோமா.

ரத்தத்தை உறைய வைத்து, கசிவை நிறுத்துவது பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இவை இருக்கும். நோயாலும் கீமோதெரபியாலும் இந்த எண்ணிக்கை 50 ஆயிரம், 20 ஆயிரம் என்று இறங்கலாம். சிலருக்கு 10 ஆயிரத்துக்கும் கீழே போகும். அந்த நேரத்தில் தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம்.

மைலோமாவில் பிரச்சினை வேறு. இந்த நோய் எலும்பை உள்ளிருந்து அரிக்கும். முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்புகளில் ஓட்டைகள் விழும். அப்படிப்பட்ட எலும்பு முறிய பெரிய அடி தேவையில்லை. லேசாக விழுந்தாலே போதும்.

ஏன் அடிக்கடி தடுமாறுகிறார்கள்?

"வயசாச்சு, அதான் தடுமாறுது" என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வயதைத் தாண்டி பல காரணங்கள் உள்ளன.

முதல் காரணம், நரம்பு பாதிப்பு. லுகேமியா, லிம்போமா சிகிச்சையில் பயன்படும் வின்கிறிஸ்டின், மைலோமாவுக்குத் தரப்படும் போர்டெசோமிப், தாலிடோமைட் போன்ற மருந்துகள் கை, கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை. பாதம் மரத்துப்போகும், ஊசி குத்துவது போல இருக்கும், பஞ்சு மேல் நடப்பது போலத் தோன்றும். பாதம் தரையில் எப்படிப் பதிகிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போகாது. வெளிச்சத்தில் கண் உதவியால் சமாளித்துவிடுவார்கள். இருட்டில் அந்த உதவியும் இல்லாததால் தடுமாறுவார்கள். வின்கிறிஸ்டினால் சிலருக்கு பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் போகும். நடக்கும்போது கால் விரல் தரையில் இடறும். லுகேமியாவுக்கு சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும் இது வரலாம். "விளையாட்டுல தடுக்கி விழுந்துட்டான்" என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் மருந்துகள் பல வகை ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் முக்கியமானவை. ஆனால் நீண்ட நாள் எடுக்கும்போது தொடை, இடுப்புத் தசைகளைப் பலவீனமாக்கும். தரையில் உட்கார்ந்து எழ முடியாதது, இந்தியன் டாய்லெட்டில் இருந்து கையை ஊன்றாமல் எழ முடியாதது, மாடிப்படி ஏறும்போது கால் கனப்பது ஆகியவை இதன் முதல் அறிகுறிகள்.

மூன்றாவது, ரத்தசோகையும் ரத்த அழுத்தமும். ஹீமோகுளோபின் குறைந்தால் தலை சுற்றும். வாந்தி, பேதியால் உடலில் நீர் குறைந்தாலோ, மருந்துகளால் நரம்பு பாதிக்கப்பட்டாலோ, படுக்கையில் இருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கண் இருட்டிக்கொண்டு வரும்.

நான்காவது, படுத்தே இருப்பது. இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

ரெஸ்ட் எடுத்தா உடம்பு தேறிடாதா?

2007-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத, ஆரோக்கியமான வயதானவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அந்த 10 நாட்களில் அவர்கள் கால்களில் இருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு தசைத் திசு கரைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த நிலை என்றால், கீமோவும் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டு, சாப்பாடும் சரியாக இறங்காதவர்களுக்கு எப்படி இருக்கும்?

இதோடு பயமும் சேரும். ஒருமுறை தடுமாறியவர், "மறுபடி விழுந்துடுவோமோ" என்று நடப்பதைக் குறைப்பார். நடக்காததால் கால் இன்னும் பலவீனமாகும். அதனால் விழும் வாய்ப்பு கூடும். இந்தச் சுழலை நிறுத்த மருந்து, மாத்திரை கிடையாது. தசைக்கும் நரம்புக்கும் மறுபடி வேலை கொடுப்பதுதான் வழி.

ஓய்வே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. களைப்பு அதிகமாக இருக்கும் நாளில் ஓய்வு தேவைதான். ஆனால் நாள் முழுக்க, வாரம் முழுக்க படுக்கை என்பது வேறு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

விழுவதைத் தடுக்கும் பயிற்சிகள் குறித்து அதிக ஆதாரம் இருப்பது வயதானவர்களிடம்தான். 2019-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 108 ஆய்வுகளில் பங்கேற்ற 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசியது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அது 34 சதவீதம் வரை குறைந்தது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் போதுமா என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. "நான்தான் தினமும் வாக்கிங் போறேனே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புற்றுநோயாளிகளுக்கு? 2018-ல் வந்த மற்றொரு காக்ரேன் தொகுப்பாய்வில், 835 பேர் பங்கேற்ற 11 ஆய்வுகள் மட்டுமே கிடைத்தன. பயிற்சியால் தசை வலுவும் சமநிலையும் மேம்படலாம் என்று தெரிந்தது. ஆனால் விழும் எண்ணிக்கை நேரடியாகக் குறைகிறதா என்று சொல்ல அந்தத் தரவு போதவில்லை.

நரம்பு பாதிப்பு விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. வின்கிறிஸ்டின் வகை மருந்துகளோ, குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டினோ எடுப்பவர்களை வைத்து ஜெர்மனியில் ஒரு ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2024-ல் வெளியாயின. பங்கேற்றவர்கள் 158 பேர். வாரம் இரண்டு முறை சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு நரம்பு பாதிப்பு வந்தது. பயிற்சி எதுவும் செய்யாத குழுவிலோ 70 சதவீதம் பேருக்கு வந்தது. அதாவது, பாதிப்பு வந்த பிறகு என்றில்லாமல், கீமோ தொடங்கும்போதே பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

நடக்கும் வேகத்துக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு இருக்கிறது. 75 வயதைக் கடந்த 448 ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. நடை வேகம் விநாடிக்கு 0.1 மீட்டர் குறையக் குறைய, இறப்பு அபாயம் 22 சதவீதம் கூடியது. வேகமாக நடந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒருவரது உடல் எவ்வளவு தாங்கும் என்பதை நடை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவமனைகளில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் துணைக்கு நின்றுகொண்டு வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

நாற்காலியில் உட்காருங்க. அங்கிருந்து 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி தூரத்தில் தரையில் ஒரு அடையாளம் வையுங்க. எழுந்து, வழக்கமான வேகத்தில் அதுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரணும். செல்போனில் நேரம் பாருங்க. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள்.

இவற்றையும் கவனியுங்க:

* கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழ முடிகிறதா?
* நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாரா?
* செருப்பு காலில் இருந்து கழன்றது தெரியாமல் நடக்கிறாரா?
* கடந்த 6 மாதத்தில் ஒருமுறையாவது விழுந்திருக்கிறாரா?

இதில் ஒன்றுக்குச் சிக்கலான பதில் வந்தாலும், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லணும். மரத்துப்போவதை ஆரம்பத்திலேயே சொன்னால், மருந்தின் அளவையோ தரும் முறையையோ மாற்ற டாக்டருக்கு வாய்ப்பு இருக்கிறது. உதாரணமாக, போர்டெசோமிப் மருந்தை நரம்பில் ஏற்றுவதைவிட தோலுக்கு அடியில் போட்டால் நரம்பு பாதிப்பு குறைகிறது.

பயிற்சிக்கு முன் ரிப்போர்ட்டில் என்ன பார்க்கணும்?

ரத்தப் புற்றுநோயாளிகளுக்கான பயிற்சியில் முக்கியமான வித்தியாசம் இதுதான். அன்றைய ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து பயிற்சியின் அளவு மாறும். மருத்துவமனைக்கு மருத்துவமனை அளவுகோல் சற்று வேறுபடும். பொதுவாகப் பின்பற்றப்படுவது இது:

* பிளேட்லெட் 50 ஆயிரத்துக்கு மேல்: சமநிலைப் பயிற்சி, நடை, தசை வலுப் பயிற்சி மூன்றும் செய்யலாம்.
* 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் வரை: எடை தூக்காமல், மெதுவான பயிற்சி மட்டும். பிடிமானம் இல்லாமல் நிற்கும் பயிற்சி வேண்டாம்.
* 20 ஆயிரத்துக்குக் கீழ்: டாக்டர் அனுமதியோடு, துணையோடு லேசான அசைவும் அன்றாட நடமாட்டமும் மட்டும். மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது.
* ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ்: டாக்டரைக் கேட்காமல் பயிற்சி வேண்டாம்.

சில ரிப்போர்ட்களில் பிளேட்லெட் வெறும் 50 என்று போட்டிருக்கும். அது 50 ஆயிரம் என்று பொருள். பக்கத்தில் உள்ள அலகைப் பார்த்துக்கோங்க, பதற வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பயிற்சியை மறந்துவிட்டு, உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளணும். வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் காய்ச்சல் என்பது அவசரநிலை. மூக்கு, ஈறில் ரத்தம், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், புதிதாகத் தலைசுற்றல் இருந்தாலும் பயிற்சி கூடாது.

என்னென்ன பயிற்சிகள்?

இதற்கு ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம். சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி உள்ள ஒரு கனமான நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதைத் தவிர்த்துடுங்க. முதல் சில நாட்களாவது ஒருவர் பக்கத்தில் இருக்கணும்.

1. கணுக்கால் அசைவு: படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ இரண்டு பாதங்களையும் மேலும் கீழுமாக 10 முதல் 15 முறை அசைக்கணும். மிகவும் சோர்வான நாளிலும் இதைச் செய்யலாம். படுக்கையில் இருந்து எழும் முன் செய்தால் தலைசுற்றலும் குறையும்.

2. உட்கார்ந்து எழுதல்: நாற்காலியில் இருந்து எழுந்து நின்று, மெதுவாக மறுபடி உட்காரணும். 5 முறையில் தொடங்கி 10 முறைக்குப் போகலாம். தொடக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டால் பலவீனமாகும் தொடைத் தசைக்கு இது நேரடியாக வேலை கொடுக்கும்.

3. குதிகால், விரல் தூக்குதல்: நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, குதிகாலைத் தூக்கி இறக்கணும். பிறகு குதிகாலை ஊன்றி, விரல் பக்கத்தைத் தூக்கணும். நடக்கும்போது கால் இடறுபவர்களுக்கு இரண்டாவது முக்கியம்.

4. பக்கவாட்டில் கால் தூக்குதல்: பிடித்துக்கொண்டு நின்று, ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் சிறிது தூக்கி இறக்கணும். ஒவ்வொரு காலுக்கும் 5 முதல் 10 முறை.

5. சமநிலைப் பயிற்சி: இது படிப்படியாகப் போக வேண்டியது. முதலில் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்கணும். அடுத்து ஒரு பாதத்தைப் பாதி முன்னால் வைத்து நிற்கணும். மூன்றாவது, ஒரு குதிகாலுக்கு நேர் பின்னால் அடுத்த காலின் விரல் படும்படி நிற்கணும். கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொன்றிலும் 10 விநாடி ஆடாமல் நிற்க முடிந்தால்தான் அடுத்த படி. கை எப்போதும் பிடிமானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கணும்.

6. நடை: வீட்டுக்குள்ளேயே அல்லது வாசலில் 5 நிமிடத்தில் தொடங்கலாம். வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்டலாம்.

சமநிலை, தசை வலுப் பயிற்சிகளை வாரத்துக்கு 2 முதல் 3 நாள் செய்தால் போதும். நடையை முடிந்த நாளெல்லாம் செய்யலாம். அளவு தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. பயிற்சியின்போது பேச முடியணும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நிறுத்திடுங்க. கீமோ போட்ட அடுத்த சில நாட்களில் பாதியாகக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. முழுசாக விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

மைலோமா இருப்பவர்கள் கவனிக்க

இவர்கள் எந்தப் பயிற்சியையும் தாங்களாகத் தொடங்கக் கூடாது. எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது என்பதை ஸ்கேனில் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகே செய்யணும். குனிந்து தரையைத் தொடுவது, இடுப்பைத் திருகுவது, குதிப்பது, தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்குவது ஆகியவை கூடாது. யோகாசனத்திலும் குனியும், முறுக்கும் ஆசனங்கள் வேண்டாம். எழுப்பிவிடும்போது கையைப் பிடித்து இழுக்காதீங்க, எலும்பு முறியலாம்.

திடீரென முதுகு வலி அதிகமானாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ ஒரு நாள்கூட காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

வீட்டில் என்ன மாற்றணும்?

* பாத்ரூம் தரை எப்போதும் ஈரமில்லாமல் இருக்கணும். கைப்பிடிக் கம்பி பொருத்துங்க. துண்டு மாட்டும் கம்பி ஆளைத் தாங்காது, அதை நம்ப வேண்டாம்.
* இந்தியன் டாய்லெட் என்றால், மேலே வைக்கும் கமோடு ஸ்டூல் வாங்கலாம். உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் நல்லது.
* படுக்கையில் இருந்து பாத்ரூம் வரை நைட் லேம்ப் எரியட்டும். ராத்திரி அடிக்கடி எழுபவருக்கு படுக்கை அருகிலேயே யூரின் பாட்டில் வைக்கலாம்.
* பாதம் மரத்திருப்பவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பு போடணும். வீட்டுக்கென்று தனியாக, பின்னால் வார் உள்ள, வழுக்காத செருப்பு வைத்துக்கோங்க. ஹவாய் செருப்பு கழன்றுவிடும்.
* கால்மிதி, தரையில் ஓடும் வயர், உயர்ந்த வாசற்படி ஆகியவை தடுக்கி விழ வைப்பவை. மிதியை எடுத்துடுங்க, படியில் பளிச்சென்ற டேப் ஒட்டுங்க.
* தரைவரை புரளும் லுங்கி, நைட்டி, சேலையில் கவனம் தேவை.
* எழும்போது ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து, பிறகு நிற்கணும்.

விழுந்துட்டா என்ன செய்யணும்?

உடனே தூக்கி நிறுத்தாதீங்க. வலி எங்கே, கை கால் அசைகிறதா என்று கேளுங்க. அசைக்க முடியாத அளவு வலி என்றால் அப்படியே வைத்து 108-ஐ அழையுங்க.

தலையில் அடிபட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகணும். பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு ரத்தக்கசிவின் அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம். தலைவலி, வாந்தி, குழப்பம், அதிக தூக்கம் இருந்தால் தாமதம் கூடாது. அங்கே போனதும், "இவருக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நடக்குது" என்று முதலில் சொல்லிடுங்க.

வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை மெடிக்கலில் வாங்கித் தராதீங்க. அவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். மைலோமா இருப்பவர்களுக்கு சிறுநீரகத்தையும் பாதிக்கும். சுளுக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு உருவுவது வேண்டவே வேண்டாம்.

யாரிடம் கற்றுக்கொள்வது?

சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே பிசியோதெரபி பிரிவு இருக்கிறதா என்று கேளுங்க. பல நேரம் நாம் கேட்காததால்தான் அங்கே அனுப்புவதில்லை. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரப்படும் பிசியோதெரபி சேவையும் இருக்கிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். எங்கே போனாலும் சமீபத்திய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்க.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான்:

* என் எலும்பு பயிற்சியைத் தாங்குமா?
* பிளேட்லெட் எவ்வளவு இருந்தால் நான் எதைச் செய்யலாம்?
* என் மருந்துகளில் எது நரம்பையோ தசையையோ பாதிக்கும்?
* என்னை பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்ப முடியுமா?

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் கேட்டால் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பதிலாக, ரிப்போர்ட்டும் உடம்பும் ஒத்துழைக்கும் நாளில், "வாங்க, ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வரலாம்" என்று கூட நடங்க. படுக்கையில் இருந்து சமையலறை வரை போய் வரும் அந்த நடையும் ஒரு பயிற்சிதான்.